ஜோர்ஜ் என்ற பெயர்: ஆங்கிலச் சிறுவர் சாகசக் கதைகளிற் பால்புதுமை வாசிப்பு – ஒரு நோக்கு

சிறுவர் இலக்கியம் திறனாய்வாளரின் கவனத்தை நெடுங்காலம் பெறாதிருந்த ஒரு துறையாகும். பாட்டி சொல்லும் கதைக்கும் பள்ளிக்கூடப் பாடநூலுக்கும் இடைப்பட்ட ஏதோவொன்றாக அதனைக் கருதி ஒதுக்கிவிடும் போக்கு நம்மிடையே மட்டுமன்றி ஆங்கில விமர்சன உலகிலும் நிலவியதே. ஆயின், பிள்ளைகள் முதன்முதலாகத் தாமே விரும்பித் தெரிந்தெடுத்து, பெரியோரின் கட்டளையின்றி இறுதிப் பக்கம் வரை படித்து முடிக்கும் நூல் பெரும்பாலும் ஒரு சாகசக் கதையாகவே இருக்கின்றது. உலகம் எத்தகையது, அதில் துணிவுக்குரியவர் யார், அடுக்களைக்குரியவர் யார் என்பனவற்றை அந்நூல் உபதேசமாக அல்லாது இன்பமாகப் புகட்டிவிடுகின்றது. உபதேசத்தை மறுக்கத் தெரிந்த பிள்ளைக்கும் இன்பத்தை மறுக்கத் தெரிவதில்லை. ஆகவே இத்துறை அலட்சியத்துக்குரியதன்று.

இத்தகைய கதைகளைப் பால், பாலீர்ப்பு ஆகியவை பற்றிய வினாக்களோடு மீள வாசிக்கும் முயற்சி மேலைநாட்டுத் திறனாய்வில் இன்று நிலைபெற்ற ஒரு கிளையாக வளர்ந்துள்ளது. ஆங்கிலத்திற் ‘குயர்’ வாசிப்பு என வழங்குவதைத் தமிழில் இன்று பால்புதுமை வாசிப்பு என்கின்றனர். ஆண், பெண் என்ற இருமையையும், அவ்விருவர்க்கிடையேயான ஈர்ப்பு மட்டுமே இயல்பானது என்ற எண்ணத்தையும் எழுதாச் சட்டமாகக் கொள்ளாது, ஒரு பிரதி எங்கெல்லாம் அச்சட்டத்தை மீறுகின்றது, எங்கெல்லாம் மீறத் தொடங்கிப் பின்வாங்குகின்றது என நோக்குவதே அதன் முறையாகும். பிறப்பின்போது தமக்குக் குறிக்கப்பட்ட பாலைத் தம்முடையதாக ஏற்காதோரைத் திருநர் என்கின்றோம். அவர்தம் அனுபவத்தினின்று எழும் வாசிப்பு பால்புதுமை வாசிப்பினுள் அடங்குவதாயினும் தனக்கேயுரிய வினாக்களையும் உடையது. இவ்விரு வாசிப்புகளும் ஒன்றுபடும் இடமாகவும் முரண்படும் இடமாகவும் அமைந்துவிட்ட ஒரு பாத்திரத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். எனிட் பிளைற்றன் (1897–1968) படைத்த ஜோர்ஜ் என்பதே அப்பாத்திரம்.

முதலில் இவ்வாசிப்பின் பூர்வீகத்தைச் சுருங்க நோக்குதல் பொருந்தும். அமெரிக்க விமர்சகரான லெஸ்லி ஃபீட்லர் 1948ஆம் ஆண்டில் ‘பார்ட்டிசன் ரிவியூ’ என்னும் சஞ்சிகையில் எழுதிய கட்டுரையொன்று பெருஞ் சலசலப்பை ஏற்படுத்திற்று. மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ முதலாக அமெரிக்கர் போற்றும் நூல்கள் பல, வெள்ளையர் ஒருவரும் வெள்ளையரல்லாதார் ஒருவரும் வீட்டையும் சமூகத்தையும் விட்டு நீங்கி ஆற்றிலோ கடலிலோ காட்டிலோ கொள்ளும் அன்பினையே உயிர்நாடியாகக் கொண்டவை என்றும், அவ்வன்பு தோழமை என்ற சொல்லுள் முற்றாக அடங்குவதன்று என்றும் அவர் வாதிட்டார். சிறுவர் அலுமாரியில் வைக்கப்பட்டிருந்த நூல்களிலிருந்தே அவர் தம் சான்றுகளை எடுத்தமை கவனத்துக்குரியது. பின்னர், 1985இல் ஈவ் கொசோஃப்ஸ்கி செட்ஜ்விக் ஆங்கில இலக்கியத்தில் ஆண்களுக்கிடையேயான பிணைப்புப் பற்றி எழுதிய நூலும், 1998இல் ஜாக் ஹால்பர்ஸ்டாம் பெண்ணுடலில் வெளிப்படும் ஆண்மை பற்றி எழுதிய நூலும், 2008இல் மிஷெல் ஆன் அபேட் ‘டொம்போய்’ எனப்படும் ஆண்சாயற் சிறுமியரின் இலக்கிய வரலாறு பற்றி எழுதிய நூலும் இத்துறைக்கு உறுதியான அடித்தளம் இட்டன.

சாகசக் கதை தோற்றத்தில் ஆண்களுக்குரிய வடிவமாகவே அமைந்தது. ஸ்டீவன்சனின் ‘ட்ரெஷர் ஐலண்ட்’ (1883) பெண் பாத்திரங்களைத் திட்டமிட்டே விலக்கிய கதை. ஜிம் ஹோக்கின்சின் தாய் தவிர அதிற் குறிப்பிடத்தக்க பெண் எவருமில்லை. அவரும் கப்பல் புறப்படுமுன் கரையில் விடப்படுகின்றார். எனினும், ஆண்மை எனப்படுவது எத்துணை உறுதியற்ற கட்டுமானம் என்பதனையும் இவ்வகைக் கதைகளே காட்டிவிடுகின்றன. ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலில் ஹக் பெண்ணுடை தரித்து, ஜூடித் லொஃப்டஸ் என்னும் பெண்ணின் வீட்டுக்குச் செல்கின்றான். ஊசியில் நூல் கோக்கும் விதம், எலியைக் குறிபார்த்து எறியும் விதம், மடியில் விழும் ஈயக்கட்டியைப் பிடிக்க முழங்கால்களைச் சேர்க்கும் விதம் ஆகியவற்றைக் கொண்டு அவன் பையன் என்பதை அவள் கண்டுபிடித்துவிடுகின்றாள். அவள் சோதித்தது அவனது உடலையன்று, பழக்கத்தையே. பால் என நாம் கண்டுகொள்வதிற் பெரும்பகுதி கைகால்களுக்கு ஏறிய பயிற்சி என்பதனை ட்வைன் நகைச்சுவையாக உணர்த்திவிடுகின்றார். இவ்வாறே, ஜே. எம். பரியின் ‘பீற்றர் பான்’ நாடகம் 1904 டிசம்பர் 27இல் லண்டனில் அரங்கேறியபோது, வளர மறுக்கும் அச்சிறுவனாக நடித்தவர் நீனா பூசிக்கோ என்னும் நடிகையே. அப்பாத்திரத்தைப் பெண்கள் ஏற்று நடிக்கும் மரபு பல தலைமுறை நீடித்தது. என்றும் சிறுவனாக இருப்பவனுக்குரிய உடல் எது என்ற வினா அரங்கிலேயே விடையின்றி நின்றதெனலாம்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் சிறுமியரும் சாகசக் கதையின் படகில் ஏறினர். ஆதர் ரான்சமின் ‘ஸ்வாலோஸ் அண்ட் அமசோன்ஸ்’ (1930) இவ்வகையில் முக்கியமானது. அதில் வரும் நான்சி பிளாக்கெற் ‘அமசோன்’ என்னும் படகின் தலைவி. அவளது உண்மைப் பெயர் ரூத். ஆங்கிலத்தில் இரக்கமின்மையைக் குறிக்கும் சொல் ‘ரூத் அற்ற’ எனப் பொருள்படும் வகையில் ஒலிக்கின்றமையால், கடற்கொள்ளையர் இரக்கமற்றவராயிருத்தல் வேண்டும் என்ற நியாயத்தைக் கூறி அப்பெயரை அவள் துறந்துவிடுகின்றாள். அடுத்துவந்த ‘ஸ்வாலோடேல்’ (1931) நூலில் அவளுடைய பெரிய அத்தை வந்து, அவளுக்கும் தங்கைக்கும் விருந்துக்குரிய சட்டைகளை அணிவித்து வீட்டுக்குள் இருத்துவது அவர்களுக்கு நேரும் பெருந்துன்பமாகச் சித்திரிக்கப்படுகின்றது. ஆயினும் நான்சி தெரிந்துகொண்ட புதிய பெயரும் ஒரு பெண்பெயரே என்பது மனங்கொள்ளத்தக்கது. அவள் வேண்டியது கப்பற்றலைமை, ஆணாதலன்று. பெண்ணுக்கு மறுக்கப்பட்ட செயல்களைப் பெண்ணாகவே இருந்து செய்வதற்கான உரிமையை அவள் கேட்கின்றாள்.

ஜோர்ஜ் கேட்பது வேறொன்று. ‘பேமஸ் ஃபைவ்’ எனப்படும் ஐவர் தொடர் 1942ஆம் ஆண்டில் ‘ஃபைவ் ஒன் அ ட்ரெஷர் ஐலண்ட்’ என்ற நூலுடன் தொடங்கி, 1963 வரை 21 நூல்களாக வெளிவந்தது. ஜூலியன், டிக், ஆன் ஆகிய மூவரும் விடுமுறைக்காக கிரின் என்ற கடற்கரையூரிலுள்ள சிறிய தகப்பனார் குவென்ரினின் வீட்டுக்கு வருகின்றனர். அங்கே அவர்தம் மகள் ஜோர்ஜினா இருக்கின்றாள். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருக்கும் அவள், ஜோர்ஜினா என அழைத்தாற் பதில் சொல்வதில்லை. பெண்ணாயிருப்பதே தனக்கு வெறுப்பு என்கின்றாள். படகு வலிப்பதிலும் நீந்துவதிலும் அங்குள்ள எவருக்கும் அவள் இளைத்தவளல்லள். அவளுடைய நாயை ஒளித்து வளர்த்துக் கொடுக்கும் மீனவச் சிறுவன் அல்ஃப் அவளை ஆண்பிள்ளைக்குரிய மரியாதைச் சொல்லாகிய ‘மாஸ்டர்’ என்பதைச் சேர்த்தே அழைக்கின்றான். கேட்கும் மூவருக்கும் அது விசித்திரமாகப் படுகின்றது; அவளுக்கோ அதுவே இயல்பு. நான்சி செயலுரிமையைக் கேட்டாள். ஜோர்ஜ் செயலுரிமையோடு அமையாது, தான் யார் என்பதையே மாற்றிச் சொல்கின்றாள். ‘டொம்போய்’ என்ற ஒரே சொல் இவ்விருவரையும் ஒரு கூடையில் இட்டுவிடுகின்றது. திருநர் வாசிப்பின் முதற்பயன் இவ்விரு வேண்டுகைகளையும் வேறுபடுத்திக் காட்டியமையே எனலாம்.

பிளைற்றன் இவ்வேண்டுகையை எவ்வாறு எதிர்கொள்கின்றார் என்பது அடுத்து நோக்கற்பாலது. அவரது கதைசொல்லி தொடர் முழுவதும் ஜோர்ஜ் என்ற பெயரையே ஆள்கின்றார். ஆயின் பெண்பாற் பிரதிப்பெயரையே அவளுக்கு வழங்குகின்றார். பெயர் கொடுக்கப்பட்டுவிட்டது, பால் கொடுக்கப்படவில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சமரசத்திலேயே 21 நூல்களும் நடைபெறுகின்றன.

இரண்டாவது நூலாகிய ‘ஃபைவ் கோ அட்வெஞ்சரிங் அகெய்ன்’ (1943) இப்பெயரையே ஓர் ஒழுக்கச் சோதனையாக மாற்றிவிடுகின்றது. நத்தார் விடுமுறையிற் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுக்க ரோலண்ட் என்ற ஆசிரியர் அமர்த்தப்படுகின்றார். பெரியவர்களுக்கும் ஏனைய மூவருக்கும் அவரைப் பிடித்துப்போகின்றது. அவரோ ஜோர்ஜை ஜோர்ஜினா என்றே அழைக்கின்றார். அவளது நாயையும் வீட்டுக்கு வெளியே கட்டச் செய்கின்றார். ஜோர்ஜ் மாத்திரமே அவரை ஐயுறுகின்றாள். அவளுடைய ஐயம் பிடிவாதம் என்றும் பொறாமை என்றும் பழிக்கப்பட்டு, அவள் தண்டிக்கப்படுகின்றாள். இறுதியில் குவென்ரினின் ஆராய்ச்சித் தாள்களைத் திருடவந்தவர் அவ்வாசிரியரே என்பது வெளிப்படுகின்றது. கதையின் தருக்கத்தை உற்றுநோக்கின், பெயரைச் சொல்ல மறுத்தவனே வஞ்சகன். பெயரைக் காத்துநின்றவளே உண்மையை அறிந்தவள். பிளைற்றன் இதனை ஒரு கொள்கையாக எண்ணி எழுதினார் என்று கூறுதற்கில்லை. ஆயினும், தன் பெயரைத் தானே தெரிந்துகொண்ட பிள்ளையின் சொல்லைப் பெரியோர் நம்பாத வேளையில் கதை நம்பிற்று. இதனைப் பத்து வயதில் வாசிக்கும் ஒரு பிள்ளைக்கு இந்நம்பிக்கையின் பெறுமதி சிறிதன்று.

மேலும், ஜோர்ஜ் தொடரில் ஒரு தனித்த விதிவிலக்காக இல்லை என்பதையும் கருதுதல் வேண்டும். ‘ஃபைவ் ஃபோல் இன்ரு அட்வெஞ்சர்’ (1950) நூலில் ஜோ என்ற ஏழைச் சிறுமி தோன்றுகின்றாள். அவளைப் பையன் என எண்ணி டிக் சண்டையிட்டுவிட்டு, பின்னர் உண்மையறிந்து வெட்கமுறுகின்றான். தோற்றத்தில் அவள் ஜோர்ஜின் பிரதிபிம்பம் போன்றவள். ‘ஃபைவ் கோ ரு மிஸ்ரரி மூர்’ (1954) நூலில் ஹென்றியெற்றா என்பவள் ஹென்றி என்ற பெயரோடு குதிரைப் பண்ணையில் உலவுகின்றாள். ‘ஃபைவ் ஹாவ் பிளென்ரி ஒஃப் ஃபன்’ (1955) நூலில் பேர்ட்டா என்ற அமெரிக்கச் சிறுமி, கடத்தல்காரரிடமிருந்து தப்புவதற்காக விருப்பமின்றிப் பையன் வேடம் பூணுகின்றாள். ஈற்றில் அவளெனக் கருதிக் கடத்தல்காரர் கொண்டுபோவது ஜோர்ஜையே. ‘ஃபைவ் ஒன் ஃபினிஸ்ரன் ஃபாம்’ (1960) நூலில் ஹரி, ஹரியெற் என்னும் ஆணும் பெண்ணுமாகிய இரட்டையர் இருவரும் ஹரி என்ற ஒரே பெயருடன், வேறுபடுத்தவியலாத தோற்றத்துடன் வருகின்றனர். ஒருமுறை நிகழ்ந்திருப்பின் இதனைக் கதையுத்தி எனலாம். மீண்டும் மீண்டும் நிகழ்கையில், பிளைற்றனின் கற்பனை இவ்வெல்லைக்கோட்டினருகே ஓயாது நடமாடியது என்றே கொள்ளல் வேண்டும். இப்பிரதிபிம்பங்களைக் காணும்போது ஜோர்ஜ் மகிழாது பொருமுகின்றாள் என்பதும் குறிப்பிடத்தக்கது. ஹென்றியும் அவளும் ஒருவரையொருவர் போலியெனக் கருதி வெறுக்கின்றனர். தன்னைப்போல் இன்னொருவர் உண்டு என்பதை ஆறுதலாகக் கொள்ளாது அச்சுறுத்தலாகக் கொள்வது, அங்கீகாரம் அரிதாகக் கிடைக்கும் சூழலில் வாழ்வோரின் உளநிலையாகும்.

இனி, ஜோர்ஜைப் பற்றிய வாசிப்புகள் எவ்வாறு மோதுகின்றன என நோக்குவோம். 1970களில் எழுந்த சமூகநோக்குத் திறனாய்வு பிளைற்றனைக் கடுமையாகச் சாடியது. 1977இல் வெளிவந்த பொப் டிக்சனின் ‘கச்சிங் தெம் யங்’ என்னும் நூல், பால், இனம், வர்க்கம் ஆகிய மூன்று நிலைகளிலும் சிறுவர் நூல்களின் கருத்தியலை அம்பலப்படுத்திற்று. அக்கண்ணோட்டத்தில் ஜோர்ஜ் ஆண்மையின் மேன்மையை ஏற்றுக்கொண்டுவிட்ட ஒரு பெண்ணின் ஏக்க வடிவமே. பெண்ணிய வாசகர் சிலர் இதற்கு மாறாக, பெண்ணுக்கு விதிக்கப்பட்ட எல்லைகளை எதிர்த்துநின்ற சிறுமியாக அவளைப் போற்றினர். தன்பாலீர்ப்புடைய பெண்கள் பலர் தம் இளமைக்கால முன்னோடியை அவளிடம் கண்டனர். திருநர் வாசகரோ, அவள் சொல்வதை அவள் சொன்னபடியே கேளுங்கள் என்கின்றனர்: சுதந்திரமான பெண்ணாயிருக்க வேண்டும் என அவள் கூறவில்லை; பெண்ணாயிருக்க விரும்பவில்லை என்றே கூறினாள். இவ்விடத்திலேயே பூசல் கடுமையாகின்றது. ஜோர்ஜைத் திருநம்பி எனக் கொள்வது துணிவுள்ள சிறுமியரிடமிருந்து ஒரு முன்மாதிரியைப் பறிப்பதாகும் என்பர் ஒருசாரார். அவளைப் பெண்ணென்றே வற்புறுத்துவது ரோலண்ட் ஆசிரியர் செய்த வேலையையே செய்வதாகும் என்பர் மறுசாரார்.

இவ்வாசிப்புகள் அனைத்தையும் ஒருசேர மறுப்போரும் உளர். 1942ஆம் ஆண்டின் கதையில் இன்றைய கருத்துகளைத் திணிப்பது காலமுரண் என்பது அவர்தம் வாதம். சொற்கள் புதியன என்பது உண்மையே. ஆயின் ஒரு நோய்க்குப் பெயரிடப்படுமுன்னும் மக்கள் அந்நோயால் வருந்தியதுபோல, ஓர் அனுபவத்துக்குச் சொல் அமையுமுன்னும் மக்கள் அதனை வாழ்ந்தே வந்துள்ளனர். ஜோர்ஜின் கூற்று வாசகர் திணித்ததன்று. முதல் நூலின் பக்கங்களில் உள்ளது. காலப்பின்னணியும் இதற்கு அரண்செய்கின்றது. பிரித்தானியா 1941 டிசம்பரில் இயற்றிய சட்டத்தின் மூலம் 20 முதல் 30 வயது வரையான மணமாகாத பெண்களைத் தேசிய சேவைக்கு அழைத்தது. தொழிற்சாலையிலும் வயலிலும் படைத்துணைப் பிரிவுகளிலும் பெண்கள் காற்சட்டை அணிந்து உழைத்த காலத்திலேதான் ஜோர்ஜ் பிறந்தாள். போர் முடிந்தபின் அப்பெண்கள் மீண்டும் வீட்டுக்கு அழைக்கப்பட்டனர். தொடரின் நூல்களில் ஜூலியனும் டிக்கும், நீ எவ்வளவுதான் பையனைப்போல் இருந்தாலும் பெண்ணே, பாதுகாக்கப்பட வேண்டியவளே என ஜோர்ஜுக்கு இடித்துரைக்கும் இடங்களை வாசிக்கும்போது, அக்காலச் சமூகத்தின் குரலும் அங்கே கேட்கின்றது. ஆசிரியையின் வாழ்வும் கருதத்தக்கது. ஜோர்ஜுக்கு மூலமான ஒருவர் உண்டெனவும், அவர் இப்போது வளர்ந்துவிட்டாரெனவும் பிளைற்றன் எழுதினார். அம்மூலம் தாமே என அவர் ஒப்புக்கொண்டமையை, 1974இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிட்ட பார்பரா ஸ்டோனி பதிவுசெய்துள்ளார். ஆசிரியை மணந்து, தாயாகி, பெண்ணாகவே வாழ்ந்தவர். இதனைக் கொண்டு ஜோர்ஜும் அவ்வாறே ஆகியிருப்பாள் எனத் துணிவது பிழை. ஒருவருடைய வாழ்வு மற்றொருவருக்கு விதியாகாது.

ஜோர்ஜ் எவ்வாறு ஆகியிருப்பாள் என்ற வினாவுக்குப் பிரதி விடை தராமைக்கு வடிவஞ் சார்ந்த காரணமொன்று உண்டு. அதுவே எமது வாதத்தின் மையமாகும். முதல் நூலில் ஜூலியனுக்கு 12 வயது, ஜோர்ஜுக்கும் டிக்குக்கும் 11, ஆனுக்கு 10. ஒவ்வொரு கதையும் ஒரு விடுமுறையில் நிகழ்வது. ஆண்டுக்கு மூன்று விடுமுறை எனக் கணக்கிடின், 21 நூல்களுக்கு 7 ஆண்டுகள் செல்லும். ஈற்றில் ஜோர்ஜுக்கு 18 வயதாதல் வேண்டும். ஆயின் அக்கணக்கைக் கதை பார்ப்பதில்லை. இரண்டாவது நூலிலிருந்து ஜோர்ஜ் ஆனுடன் பெண்கள் விடுதிப் பாடசாலையிற் கற்கின்றாள். அப்பாடசாலை வாழ்வு கதைக்குள் வருவதில்லை. அவள் பெண்ணாக நடத்தப்படும் காலமெல்லாம் இரு நூல்களுக்கிடையே மறைந்துவிட, அவள் ஜோர்ஜாக வாழும் விடுமுறைகள் மாத்திரம் அச்சேறுகின்றன. ஆண்சாயற் சிறுமி பற்றிய கதைகளுக்கு மரபிற் கிடைத்துவந்த முடிவு, அவள் வளர்ந்து அடங்கி மணம்புரிவதே. முடிவே இல்லாத தொடர்வடிவம் அம்முடிவிலிருந்து ஜோர்ஜைக் காப்பாற்றிற்று. விற்பனைக்காகத் தொடர்ந்து எழுதப்பட்ட ஒரு வடிவம், கலைநயம் குறைந்ததெனப் பழிக்கப்பட்ட ஒரு வடிவம், உயர்ந்த நாவல்கள் தம் நாயகியருக்கு அளிக்காத புகலிடத்தை அவளுக்கு அளித்தது.

அப்புகலிடம் ஒரு சிறையுமாகும். பீற்றர் பானைப் போன்றே ஜோர்ஜும் வளராதிருக்கும் வரையிற்றான் ஜோர்ஜாக இருக்கலாம். பிளைற்றனின் மற்றொரு தொடரான ‘மலோரி ரவர்ஸ்’ (1946–1951) பாடசாலைக் கதையாதலின் வகுப்பு ஏறிச் செல்வது. ஆதலால் முடிவை எய்த வேண்டியதாயிற்று. அதில் வில்ஹெல்மினா என்ற பெயரை விடுத்து பில் என அழைக்கப்படும் குதிரைப் பித்துக்கொண்ட மாணவி, இறுதியில் தன் தோழி கிளாரிசாவுடன் சேர்ந்து குதிரையேற்றப் பள்ளியொன்றை நடத்தத் திட்டமிடுகின்றாள். பில்லுக்கு ஓர் எதிர்காலம் உண்டு. அது மணவாழ்வாகவும் இல்லை. ஜோர்ஜுக்கோ அடுத்த விடுமுறை மாத்திரமே உண்டு. வாசிக்கும் பிள்ளைக்கு, நீ இவ்வாறு இருக்கலாம் என இத்தொடர் சொல்கின்றது. வளர்ந்த பின்னும் இவ்வாறு இருக்கலாம் எனச் சொல்லத் தவறிவிடுகின்றது. ‘இது வயதுக் கோளாறு, போகப் போகச் சரியாகிவிடும்’ எனப் பெரியோர் கூறும் கூற்றுக்கு மறுமொழி இத்தொடரில் இல்லை.

வேறு குறைகளும் உள. ஜோர்ஜ் தன்னைப் பையன் என நிலைநாட்டும்போதெல்லாம் உண்மை பேசுதல், அழாதிருத்தல், அஞ்சாமை ஆகியவற்றைப் பையனின் குணங்களாகவே கூறுகின்றாள். இவற்றுக்கு எதிர்நிலையில் ஆன் நிறுத்தப்படுகின்றாள். குகையிலும் கூடாரத்திலும் அலுமாரி அடுக்கி, உணவு பரிமாறி, வீடாக மாற்றுபவள் அவளே. அவளுடைய உழைப்பின்றி ஒரு சாகசமும் நடந்திராது; எனினும் அதற்குரிய மதிப்புக் கிட்டுவதில்லை. ஜோர்ஜின் விடுதலை ஆனின் தாழ்வின்மீது எழுப்பப்பட்டுள்ளமையை மறைத்தல் நேர்மையாகாது. மேலும் ஜோர்ஜுக்கு ஒரு தீவும் படகும் உண்டு. ஜோவுக்கு நிலையான வீடும் இல்லை. பையனைப்போல் இருப்பது ஒருத்தியிடம் பெருமிதமாகவும் மற்றவளிடம் காட்டுத்தனமாகவும் காட்டப்படுகின்றது. பாலின் எல்லையை மீறும் உரிமைக்கும் வர்க்கம் விலை குறிக்கின்றது என்பதனை இவ்வொப்பீடு தெளிவாக்கும். பால்புதுமை வாசிப்பு போற்றுதலோடு நின்றுவிடாது இவற்றையும் கண்டுகொள்ளும்போதே முழுமை பெறும்.

இவ்விடத்திலே தமிழில் எழுதும் விமர்சகருக்கு நேரும் ஓர் இடர்ப்பாட்டைச் சுட்டுதல் வேண்டும். ஆங்கிலத்தில் ஜோர்ஜ் ஓடினாள் என்பதற்கும் ஜோர்ஜ் ஓடினான் என்பதற்கும் வினையில் வேறுபாடு இல்லை. பெயரை மாத்திரம் ஆண்டு பல வாக்கியங்களை எழுதிவிடலாம். தமிழில் வினைமுற்று ஒவ்வொன்றும் பாலைச் சொல்லியே முடியும். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் இச்சிக்கலை நேர்கொண்டமை வியப்புக்குரியது. ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர்களுக்கெனத் தனி ஈறு இல்லை என்றும், அவை உயர்திணைப் பாலீறுகளையே ஏற்று வரும் என்றும் அவர் விதித்தார். அவர்களை அஃறிணையில் தள்ளாது உயர்திணையுள் வைத்த அவ்விதி, தனக்கென ஈறு அற்றோரை இருக்கும் ஈறுகளுள் ஒன்றிலே வாழச் செய்தது. இக்கட்டுரை மூலநூலைப் பின்பற்றி ஜோர்ஜை அவள் என்றே சுட்டியுள்ளது. அது பிளைற்றனின் சமரசத்தைப் பிளைற்றனுடையதாகவே காட்டும் பொருட்டு, தீர்ப்பாக அன்று. ஜோர்ஜைத் தமிழில் ஆக்க முனைவோர் முதல் வாக்கியத்திலேயே இவ்வினாவுக்கு விடை கூறவேண்டியவராவர். அவள் என எழுதின் ஆங்கிலத்தில் அவ்வப்போதே தோன்றும் பெண்பால் தமிழில் ஒவ்வொரு வினையிலும் அறையப்படும். அவன் என எழுதின் மூலநூல் விட்டுவைத்த ஐயம் அழிந்துபோகும். மொழிபெயர்ப்பும் ஒரு வாசிப்பே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், ஜோர்ஜ் தன்பாலீர்ப்புடைய பெண்ணா, திருநம்பியா, துணிவுமிக்க சிறுமியா என்ற வினாவுக்குப் பிரதியிலிருந்து முடிந்த முடிபொன்றைப் பெறவியலாது. பதினொரு வயதிலே நிறுத்திவைக்கப்பட்ட ஒரு பாத்திரத்தின் பிற்கால வாழ்வை அறுதியிட்டுக் கூறுவது சோதிடமேயன்றித் திறனாய்வாகாது. ஆனால் இவ்வறியாமை எமக்குக் கடமை எதனையும் விட்டுவைக்கவில்லை என்பது பொருளன்று. ஜோர்ஜ் தன்னைச் சூழ்ந்தோரிடம் வேண்டியது தான் யாராவேன் என்ற ஆரூடத்தையன்று. தன்னை எப்பெயரால் அழைக்க வேண்டும் என்பதையே. அல்ஃப் என்ற மீனவச் சிறுவன் எந்தக் கோட்பாட்டையும் அறியாதவன். அவளுடைய எதிர்காலத்தையும் அவன் அறியான். அவளை எவ்வாறு அழைக்க வேண்டும் என்பதை மாத்திரம் அறிந்திருந்தான், அழைத்தான். கல்வியறிவுடைய ரோலண்ட் அதனைச் செய்யவில்லை.

பிளைற்றனின் நூல்கள் எமது நாட்டின் நூலகங்களிலும் பல தலைமுறைப் பிள்ளைகளின் கைகளிற் கசங்கியவை. அவற்றை இன்றும் எடுத்து வாசிக்கும் பிள்ளைகளுள், வீட்டிலும் வகுப்பறை வரவுப் பதிவேட்டிலும் தனக்குப் பொருந்தாத பெயரால் அழைக்கப்படும் ஒரு பிள்ளை இருத்தல் கூடும். அப்பிள்ளை என்னவாக வளரும் என முற்கூட்டியே நிறுவுவது திறனாய்வின் பணியன்று. அப்பிள்ளை தன் கையிலுள்ள நூலில் எதனைக் கண்டு மகிழ்ந்ததோ அது உண்மையாகவே அங்கு உள்ளது என நிறுவுவது அதன் பணியாகும். சிறுவர் சாகசக் கதைகள் பற்றிய பால்புதுமை வாசிப்பும் திருநர் வாசிப்பும், ஜோர்ஜ் தமக்கே உரியவள் என்ற பூசலை விடுத்து, இப்பணியைத் தம் பொதுப்பணியாகக் கொள்ளுதல் வேண்டும் என்பதே எமது துணிபு.